கடல் கடக்கும் ரம்பங்கள்

இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலுள்ள கடல், டோவர் நீரிணையில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் அளவுக்குக் குறுகிவிடுகிறது. டோவரிலிருந்து கலே துறைமுகத்தை அடைய, வாகனங்களையும் பயணிகளையும் சேர்த்து ஏற்றிச் செல்லும் பெர்ரி கப்பலுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். இந்த வழியில் இரவு பகலாகச் செல்லும் லாரிகளுக்கும் சுற்றுலாக் கார்களுக்கும் நடுவே, உயர்ந்த மரங்களில் கயிறு கட்டி ஏறிக் கிளை கழிப்பதையும், பட்டுப்போன மரங்களைத் துண்டு துண்டாக அறுத்து இறக்குவதையும் தொழிலாகக் கொண்ட பிரிட்டிஷ் மரப் பராமரிப்பாளர்களின் வேன்களும் அவ்வப்போது இடம்பெறுகின்றன. ஒப்பந்த வேலைக்காகவும், புயலில் சாய்ந்த மரங்களை அகற்றவும், மரமேறும் போட்டிகளில் கலந்துகொள்ளவும் அவர்கள் கடல் தாண்டுகிறார்கள். வேனின் பின்பகுதியில் இருப்பவை அன்றாட வேலைக் கருவிகளே. ஆனால் அதே கருவிகளைச் சுங்க அதிகாரி வரி செலுத்தப்படாத சரக்காகவும், கப்பல் அதிகாரி தீப்பற்றக்கூடிய சுமையாகவும், தாவர நல ஆய்வாளர் நோயைக் கடத்தக்கூடிய பொருளாகவும் பார்க்கிறார்கள். முதல் இரண்டுக்கும் தெளிவான விதிகளும் அவற்றைக் கண்காணிக்க ஆட்களும் உண்டு. மூன்றாவதுதான் நெடுங்காலக் கேட்டை விளைவிக்கக்கூடியது, ஆயினும் அது பெரும்பாலும் கருவியை எடுத்துச் செல்பவரின் மனச்சாட்சிக்கே விடப்பட்டிருக்கிறது.

இத்தொழிலின் முதன்மைக் கருவி, பேச்சில் செயின்சா என்றும் மரம் அறுக்கும் மிஷின் என்றும் வழங்கும் சங்கிலி ரம்பம். இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின், அதிலிருந்து நீண்டிருக்கும் தட்டையான இரும்புப் பட்டை, அப்பட்டையின் விளிம்பைச் சுற்றி ஓடும் கூரிய பற்கள் கொண்ட சங்கிலி ஆகியவையே அதன் உறுப்புகள். தரையில் நின்று அடிமரத்தை அறுக்கப் பெரியதொன்றும், மரத்தின்மேல் இருந்தபடி கிளைகளை அறுக்கக் கைப்பிடி மேற்புறம் அமைந்த சிறியதொன்றும் ஒவ்வொரு வேனிலும் இருக்கும். அவற்றோடு கைரம்பம், கோடரி, ஆப்பு, ஏறும் கயிறு, வெட்டிய கிளையைக் கட்டி மெல்ல இறக்குவதற்கான தடித்த கயிறு, கப்பிகள், இடுப்பிலும் தொடையிலும் பூட்டிக்கொள்ளும் பாதுகாப்பு வார்கள், அலுமினிய வளையக் கொக்கிகள், தலைக்கவசம், ரம்பத்தின் சங்கிலி தவறிப் பட்டால் அதைச் சிக்கவைத்து நிறுத்தும் நாரிழைகளை உள்ளே வைத்துத் தைத்த காற்சட்டை ஆகியவையும் சேரும். வேலை பெரிதாக இருந்தால், கிளைகளை விழுங்கிச் சிறு சிறு சிப்புகளாக நறுக்கித் துப்பும் சிப்பர் இயந்திரம் டிரெய்லராக வேனின் பின்னால் இழுத்துவரப்படும்.

இவற்றை விமானத்தில் கொண்டுசெல்லலாமே என்று தோன்றலாம். கயிறும் வார்களும் விமானத்தில் போய்விடும். ஆனால் ஒருமுறையேனும் பெட்ரோல் ஊற்றி ஓட்டப்பட்ட எஞ்சினில் எரிபொருளின் ஆவி தங்கியிருக்கும் என்பதால், பயன்படுத்திய சங்கிலி ரம்பத்தைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் பயணியின் பெட்டியில் ஏற்றுக்கொள்வதில்லை. மின்கலத்தால் இயங்கும் புதிய ரம்பங்களுக்கும் இதே நிலைதான். லித்தியம் மின்கலத்தின் கொள்ளளவு 160 வாட்-மணியைத் தாண்டினால் அது பயணிகள் விமானத்தில் பயணியோடு செல்ல முடியாது, தொழில்முறை ரம்பங்களின் பெரிய மின்கலங்களோ இந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடுகின்றன. ஆகவே சொந்தக் கருவிகளோடு வேலை செய்ய விரும்புகிறவருக்குக் கப்பல் வழியே இயல்பானது. சொந்தக் கருவி என்பது இத்தொழிலில் வெறும் விருப்பம் சார்ந்ததன்று. முப்பது மீட்டர் உயரத்தில் ஒருவரின் எடையைத் தாங்கும் கயிற்றின் வரலாற்றை, அது எப்போது வாங்கப்பட்டது, எங்கே உராய்ந்தது, யார் பரிசோதித்தார் என்பதை, அவர் அறிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் ஆட்களைத் தூக்கும் கருவிகள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தகுதியுள்ளவரால் சோதிக்கப்பட வேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் விதிகள் வற்புறுத்துவதும் இதனால்தான். வாடகைக்கு வாங்கிய முன்பின் தெரியாத கயிற்றில் தொங்க யாரும் துணிவதில்லை.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இருந்தவரை இந்தப் பயணத்துக்குக் கப்பல் சீட்டைத் தவிரப் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. 1999 டிசம்பர் இறுதியில் லோதார், மார்ட்டின் என்னும் இரு புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கி, பிரான்ஸில் மட்டும் ஏறத்தாழ 14 கோடி கனமீட்டர் மரத்தைச் சாய்த்தபோது, அண்டை நாடுகளின் மரவெட்டிகள் இயந்திரங்களோடு உதவிக்கு வர முடிந்ததற்குத் திறந்த எல்லைகளும் ஒரு காரணம். 2021 ஜனவரி 1 முதல் நிலைமை மாறியது. அன்றிலிருந்து, வேலைக்காக எடுத்துச்செல்லும் ரம்பமும்கூடச் சுங்கத்தின் பார்வையில் ஒரு நாட்டிலிருந்து ஏற்றுமதியாகி இன்னொரு நாட்டில் இறக்குமதியாகும் சரக்கே. அங்கே விற்கப்போவதில்லை, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்துவிடுவோம் என்பதை மெய்ப்பிக்க முடியாவிட்டால், சுங்கத் தீர்வையோடு பிரான்ஸின் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் கேட்கப்படலாம்.

அதை மெய்ப்பிக்க உதவுவதுதான் ஏ.டி.ஏ. கார்னே எனப்படும் சுங்க ஏடு. தற்காலிகமாக உள்ளே வந்து திரும்பிச் செல்லும் பொருள்களுக்கு வரியின்றி அனுமதி தருவதற்காக 1961இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையிலிருந்து பிறந்தது இது. அதன் விதிகள் 1990ஆம் ஆண்டின் இஸ்தான்புல் உடன்படிக்கையில் விரிவுபடுத்தப்பட்டன. இந்த ஏட்டை அரசு வழங்குவதில்லை, ஒவ்வொரு நாட்டிலும் வணிகச் சபைகளே வழங்குகின்றன. இந்தியாவில் ஃபிக்கி அமைப்பு இப்பணியைச் செய்கிறது. ஏடு பெறுகிறவர் பிணைத்தொகை கட்ட வேண்டும் அல்லது அதற்கு ஈடான உறுதி தர வேண்டும், ஏனெனில் பொருள் திரும்பி வராவிட்டால் வெளிநாட்டுச் சுங்கத்துறை கேட்கும் வரியை, ஏட்டை வழங்கிய சபை முதலில் கட்டிவிட்டு, பிறகு அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும். ஏடு அதிகபட்சம் ஓராண்டுக்குச் செல்லும், அதற்குள் பலமுறை போய்வரலாம்.

ஏட்டின் உயிர்நாடி அதன் பொதுப் பட்டியல். ஒவ்வொரு பொருளுக்கும் வரிசை எண், விவரம், எண்ணிக்கை, எடை, மதிப்பு, உற்பத்தியான நாடு ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். ‘ரம்பங்கள் – 3’ என்று பொதுவாக எழுதிவிட்டால் போதாது. நிறுவனத்தின் பெயர், மாதிரி எண், எஞ்சினில் பொறித்த தொடர் எண் என்று எந்த ரம்பம் என்பதை ஐயமற அடையாளம் காட்ட வேண்டும், ஏனெனில் திரும்பும்போது அதிகாரி சரிபார்ப்பது அந்தத் தொடர் எண்ணைத்தான். பழைய ரம்பங்களில் இந்த எண் எண்ணெயும் தூளும் படிந்து மறைந்துபோயிருக்கும். எண்ணைப் படிக்க முடியாத கருவி, பட்டியலில் இருந்தும் இல்லாததற்குச் சமம். எரிபொருள், சங்கிலி எண்ணெய் போலப் பயன்பாட்டில் தீர்ந்துபோகும் பொருள்களுக்கு இந்த ஏட்டில் இடமில்லை. அறுபட்டுப் பயனற்றுப்போன கயிற்றை வேலை நடந்த ஊரிலேயே குப்பையில் எறிந்துவிட்டு வருவதும் தவறு. பட்டியலில் உள்ள பொருள் திரும்பி வராவிட்டால் அது அந்த நாட்டிலேயே விற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பதால், கிழிந்த கயிற்றையும் சுருட்டி வேனில் போட்டுக்கொண்டு திரும்புவதே அறிவுடைமை.

இந்த ஏற்பாட்டில் பலர் இடறி விழும் இடம் முத்திரை. ஏட்டின் மஞ்சள் தாள்கள் சொந்த நாட்டிலிருந்து புறப்படுவதற்கும் திரும்பி வருவதற்கும், வெள்ளைத் தாள்கள் வெளிநாட்டில் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும், நீலத் தாள்கள் இடைவழி நாடுகளைக் கடந்து செல்வதற்கும் உரியவை. ஒவ்வொரு கட்டத்திலும் அதிகாரி உரிய தாளில் முத்திரையிட்டு ஒரு பகுதியைக் கிழித்து வைத்துக்கொள்வார். டோவர் வழியே செல்பவர் புறப்பாட்டு முத்திரையைத் துறைமுகத்தில் எதிர்பார்க்கக் கூடாது. துறைமுகத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் முன்னதாக, ஆஷ்ஃபோர்ட் நகரை ஒட்டிய செவிங்டனில் 2021இல் திறக்கப்பட்ட உள்நாட்டு எல்லை வளாகத்தில் வேனை நிறுத்தி அதைப் பெற வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இதைவிடக் குழப்பமான நிலை உண்டு. இரு நாட்டு உடன்பாட்டின்படி பிரெஞ்சுக் காவல்துறை கடவுச்சீட்டுகளை டோவரிலேயே சோதித்துவிடுகிறது. அதைக் கடந்துவிட்டவர் பிரான்ஸுக்குள் நுழையும் நடைமுறை முழுதும் முடிந்துவிட்டதாக எண்ணி, கலேயில் இறங்கியதும் நேரே நெடுஞ்சாலையில் ஏறிவிடக்கூடும். ஆனால் சுங்கச் சோதனை நடப்பது கலேயில்தான். அங்கே வெள்ளைத் தாளில் முத்திரை பெறாமல் போய்விட்டால் பொருள் உள்ளே வந்ததற்கே ஆதாரம் இல்லை, திரும்பும்போது அது வெளியேறியதற்கும் ஆதாரம் காட்ட முடியாது. பிரான்ஸில் நுழைந்தபின் பெல்ஜியத்துக்கோ ஜெர்மனிக்கோ போவதற்குப் புதிய முத்திரை வேண்டியதில்லை, ஒன்றியம் முழுதும் ஒரே சுங்கப் பகுதி. சுவிட்சர்லாந்துக்குப் போனால் மறுபடியும் நடைமுறை தொடங்கும்.

வாகனத்துக்கும் தனி விதிகள் உண்டு. வணிகப் பயன்பாட்டில் உள்ள 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர்கள் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்வதாயின் தனியே பதிவுசெய்யப்பட்டுச் சொந்த எண் பலகை பெற்றிருக்க வேண்டும் என்பது 2019 மார்ச் மாதத்திலிருந்து நடைமுறை. இழுத்துச் செல்லும் சிப்பர் பலவும் இந்த எடையை எட்டிவிடுவதால், உள்ளூரில் ஆண்டுக்கணக்கில் வேனின் எண்ணையே காட்டி ஓடிய சிப்பர், கடல் தாண்டும் நாளில் சட்டத்துக்குப் புறம்பானதாகிவிடலாம். தொழிலாளிகளின் விசா, வேலை அனுமதி ஆகியவை வேறொரு பெரும் பொருள். கருவிக்கு அனுமதி கிடைத்துவிட்டதாலேயே அதை இயக்குபவருக்கும் வேலை செய்யும் உரிமை கிடைத்துவிடாது என்பதை மட்டும் இங்கே குறிப்பிடலாம்.

சுங்கத்தின் கவலை பணத்தைப் பற்றியது. கப்பலின் கவலை நெருப்பைப் பற்றியது. வாகனப் பெர்ரியின் அமைப்பே இந்தக் கவலைக்குக் காரணம். வாகனங்கள் ஒரு முனையில் நேரே உருண்டு ஏறி மறுமுனையில் உருண்டு இறங்கும் வகையில், அதன் வாகனத் தளம் கப்பலின் நீளம் முழுதும் குறுக்குச் சுவரின்றித் திறந்த கூடமாக விடப்பட்டிருக்கும். சரக்குக் கப்பல்களில் தண்ணீரையும் தீயையும் ஓர் அறைக்குள் அடக்கும் தடுப்புகள் இங்கே இல்லை. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஜீபுரூக் துறைமுகத்துக்கு வெளியே, முன்கதவு மூடப்படாமல் புறப்பட்ட ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்னும் கப்பலின் வாகனத் தளத்தில் கடல்நீர் புகுந்து, கப்பல் சில நிமிடங்களில் சரிந்து 193 பேர் இறந்தது இந்த அமைப்பின் பலவீனத்தை உலகுக்குக் காட்டியது. தீ விபத்திலும் இதே பலவீனம் வெளிப்படும். 2014 டிசம்பர் 28 அன்று அட்ரியாட்டிக் கடலில் நார்மன் அட்லாண்டிக் கப்பலின் வாகனத் தளத்தில் மூண்ட தீயை அடக்க முடியாமல், கொந்தளிக்கும் குளிர்காலக் கடலில் பயணிகளை ஹெலிகாப்டர்கள் ஒவ்வொருவராகத் தூக்கி மீட்க வேண்டியதாயிற்று, பலர் உயிரிழந்தனர். கப்பல் ஓடும்போது பயணிகள் வாகனத் தளத்துக்குச் செல்ல அனுமதி மறுக்கப்படுவதால், வேனுக்குள் கசியும் எரிபொருளை அதன் உரிமையாளர் கவனிக்கவும் வழியில்லை.

பெட்ரோல் ஏன் இவ்வளவு அச்சமூட்டுகிறது என்பதற்கு அதன் இயல்பே விடை. மைனஸ் 40 பாகை செல்சியஸ் அளவிலான கடுங்குளிரிலும் அது தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும்; அந்த ஆவி காற்றைவிட எடை மிகுந்ததாகையால் மேலெழுந்து கலைந்துபோகாமல் தரையோடு தவழ்ந்து, மூடிய தளத்தின் தாழ்ந்த மூலைகளில் தேங்கும். 2004 முதல் கட்டாயமாக்கப்பட்ட, கடல்வழி ஆபத்தான சரக்குகளுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு பெட்ரோலுக்கு ஐ.நா. எண் 1203 என்ற அடையாளம் தந்து தீப்பற்றும் திரவங்களுக்கான மூன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறது; மிகச் சிறிய பொட்டலங்களுக்கான விலக்கைத் தவிர்த்தால், நிறையப் பயணிகளை ஏற்றிய கப்பலில் அதைச் சரக்காக ஏற்ற அத்தொகுப்பு இடம் தருவதில்லை. வாகனத்தின் சொந்தத் தொட்டியில் உள்ள எரிபொருள் இக்கணக்கில் வராது. தனிக் கேனில் உள்ள பெட்ரோல் வேறு. அதைப் பற்றிய நிபந்தனைகள் கப்பல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபட்டாலும், காலிக் கேனையே அனுமதிக்கும் நிறுவனங்கள் பல. ஆதலால் சீட்டுப் பதிவு செய்யும்போதே கருவிகளின் விவரத்தைச் சொல்லி எழுத்தில் ஒப்புதல் பெறுவது நல்லது. துறைமுக வாயிலில் நிற்கும் பணியாளரிடம் வாதாடி வென்றவர் குறைவு.

ரம்பத்தைக் காலிசெய்வது தொட்டியைக் கவிழ்த்து ஊற்றுவதோடு முடிவதில்லை. ஊற்றிய பின்னும் குழாயிலும் கார்புரேட்டரிலும் எரிபொருள் மிஞ்சியிருக்கும். அது தீர்ந்து எஞ்சின் தானே இருமி நிற்கும்வரை திறந்த வெளியில் ஓடவிட்டு, பிறகு தொட்டியின் மூடியைச் சற்று நேரம் திறந்துவைத்து ஆவியைப் போகவிட்டு, அதன்பின் மூட வேண்டும். சங்கிலி எண்ணெய் எளிதில் தீப்பற்றாதெனினும் வழியெல்லாம் கசியும் இயல்புடையது, எனவே அந்தத் தொட்டியையும் வடித்துவிடுவதே முறை. ரம்பங்களையும் கயிறுகளையும் ஒரே பெட்டியில் போடும் பழக்கம் தவறானது. எரிபொருளும் எண்ணெயும் பட்ட நைலான், பாலியஸ்டர் கயிற்றின் வலிமையை வெளித்தோற்றத்தை வைத்து மதிப்பிட முடியாது. மறுகரையில் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு இல்லை. மரப் பராமரிப்பாளர்கள் பலர் பயன்படுத்தும் ஆல்கைலேட் பெட்ரோல், அதாவது பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் மிகக் குறைந்திருக்கும்படி தூய்மையாக்கப்பட்டு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெயும் முன்பே கலந்து கேனில் விற்கப்படும் எரிபொருள், ஐரோப்பாவின் பல நாடுகளிலும் கருவிக் கடைகளில் கிடைக்கிறது. திரும்பும் பயணத்துக்கு முன் எஞ்சியதை உடன் வேலை செய்த உள்ளூர்க்காரரிடம் கொடுத்துவிடலாம். மின்கல ரம்பம் பெட்ரோல் தொல்லையை நீக்கினாலும் வேறொரு பொறுப்பைக் கொண்டுவருகிறது. 100 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலம் ஆபத்தான சரக்குக்கான முழு விதிகளின்கீழ் வந்துவிடும். அடிபட்டு உப்பிய, கீறல் விழுந்த மின்கலத்தை எந்தக் கப்பலிலும் ஏற்றவே கூடாது, முனைகள் உலோகத்தில் படாதபடி மூடிவைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து கலேயில் இறங்கும் வேனில், யாரும் பட்டியலிடாத ஒரு பொருள் இன்னும் இருக்கக்கூடும். ரம்பத்தின் பக்கவாட்டு மூடியைப் பிடித்திருக்கும் திருகுமரைகளைக் கழற்றித் திறந்தால், சங்கிலியை இழுக்கும் பற்சக்கரத்தைச் சுற்றிலும் எண்ணெயும் மரத்தூளும் குழைந்து கறுப்புக் களிம்பாக அப்பியிருப்பதைக் காணலாம். இரும்புப் பட்டையின் விளிம்பில் சங்கிலி ஓடும் மெல்லிய பள்ளத்திலும் இதே களிம்பு இறுகிக் கிடக்கும். கடைசியாக அறுத்த மரம் நோயுற்றதாக இருந்தால், அந்த நோயின் வித்துகள் இந்தக் களிம்புக்குள் பாதுகாப்பாக இருக்கின்றன. அடுத்த மரத்தில் ரம்பம் வைக்கப்படும்போது, எண்ணெய் அவற்றைச் சங்கிலியோடு இழுத்துவந்து, புதிதாகத் திறந்த காயத்திலேயே பூசிவிடுகிறது.

இது கற்பனையான அச்சமன்று என்பதற்குப் பிரான்ஸின் மிடி கால்வாயே சான்று. 17ஆம் நூற்றாண்டில் பியர்-போல் ரிக்கே என்பவர் தூலூஸ் நகரை மத்தியதரைக் கடலோடு இணைக்க வெட்டிய, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கால்வாயின் இரு கரைகளிலும் பிளேன் என்னும் நெடிய நிழல் மரங்கள் அணிவகுத்து நின்றன. அவற்றின் எண்ணிக்கை 42,000 அளவில் இருந்தது, கால்வாய் 1996இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பத்தே ஆண்டுகளில், 2006இல், கார்க்கசோன் நகருக்கு அருகில் வில்துபேர் என்னும் ஊரில் சில மரங்கள் செராட்டோசிஸ்டிஸ் பிளாட்டானி என்னும் பூஞ்சையால் தாக்கப்பட்டிருப்பது கண்டறியப்பட்டது. மரப்பட்டையில் ஏற்படும் சிறு காயத்தின் வழியே உட்புகும் இந்தப் பூஞ்சை, நீரைக் கொண்டுசெல்லும் திசுக்களில் பரவி, மரத்தின் உட்பகுதியை நீலக்கறுப்பாகக் கறைப்படுத்தி, நூறாண்டு நின்ற மரத்தையும் சில ஆண்டுகளில் கொன்றுவிடும். அருகருகே நிற்கும் மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டிப் பிணைந்திருந்தால் அவ்வழியே அடுத்த மரத்துக்கும் செல்லும். இதற்கு மருந்தில்லை. நோயுற்ற மரத்தையும் அதன் பக்கத்து மரங்களையும் வெட்டி அங்கேயே எரிப்பதொன்றே வழி என்பதால், கால்வாய்க் கரையில் நின்ற மரங்களில் பாதிக்கு மேற்பட்டவை இன்று இல்லை. நிழல் நிறைந்திருந்த நீர்வழி பல இடங்களில் வெயிலில் காய்கிறது.

அந்தப் பூஞ்சை பிரான்ஸுக்கு வந்த வழியும் கப்பல்தான். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட அது, இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944இல் அமெரிக்கப் படைகள் தென்கரையில் இறங்கியபோது, நோயுற்ற பிளேன் மரத்தால் செய்த வெடிமருந்துப் பெட்டிகளோடு மார்செய் துறைமுகத்தை அடைந்தது என்பதே ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து. ஆனால் துறைமுகத்தில் இறங்கிய பூஞ்சையை ஊர் ஊராகக் கொண்டுசென்றதில் மனிதக் கைகளுக்குப் பெரும் பங்குண்டு: கிளை கழித்த ரம்பங்களும், வேரைக் கிழித்த மண்வெட்டும் இயந்திரங்களும், கரையில் மோதி வேரைக் காயப்படுத்திய படகுகளும் அதைப் பரப்பின. மரத்தைக் காப்பதற்காக வந்தவரின் கருவியே அதற்கு நஞ்சூட்டும் ஊசியாகிவிட்ட இந்த வரலாற்றை, ரம்பத்தோடு கடல் கடக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் இந்த நோய் இல்லை. லண்டனின் தெருக்களிலும் சதுக்கங்களிலும் மிகுதியாக நிற்பதோ இதே பிளேன் மர இனம். பெர்க்லி சதுக்கத்தில் 1789இல் நட்டவை இன்றும் நிற்கின்றன. தென்பிரான்ஸில் ஒரு வாரம் வேலை பார்த்த ரம்பம் அதே அழுக்கோடு திரும்பி லண்டனில் கிளை கழிக்கப் போனால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் இங்கே பாதி வழி வரை வருகிறது. பயன்படுத்திய வாகனங்களும் இயந்திரங்களும் நாடுவிட்டு நாடு செல்லும்போது மண்ணும் தாவரக் கழிவும் இன்றித் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதற்கான பன்னாட்டுத் தரவிதி, ஐ.எஸ்.பி.எம். 41, 2017இல் ஏற்கப்பட்டது. வேளாண்மையிலும் காட்டு வேலையிலும் ஓடிய இயந்திரங்களைப் பிரிட்டனிலிருந்து கொண்டுவந்தால், அவை சுத்தம் செய்யப்பட்டவை என்று அதிகாரிகள் உறுதிகூறும் தாவரச் சுகாதாரச் சான்றிதழை ஐரோப்பிய ஒன்றியம் கேட்கிறது. ஆனால் அந்த விதி டிராக்டர் போன்ற பெரிய இயந்திரங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. கையில் பிடிக்கும் ரம்பத்தையும், ஏறும் கயிற்றையும், காலணியின் அடியில் ஒட்டிய சேற்றையும் குறிவைத்து எழுதப்பட்டதன்று. நோயைப் பரப்புவதில் சிறிய கருவிக்கும் பங்குண்டு என்று மிடி கால்வாய் காட்டிய பின்னும் இந்த இடைவெளி நீடிப்பது வருந்தத்தக்கது.

மரத்தாலான பொருள்களின் மீது விதி இன்னும் கண்டிப்பானது. மரப் பெட்டி, சரக்குத் தட்டு, சுமை நகராமல் அண்டை கொடுக்கும் கட்டை ஆகியவற்றை மையப்பகுதி வரை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கியோ அனுமதிக்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தியோ, கோதுமைக் கதிர் அடையாளத்தோடு முத்திரையிட வேண்டும் என்கிறது 2002இல் வந்த ஐ.எஸ்.பி.எம். 15. சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களில் வந்திறங்கும் சரக்குத் தட்டுகளின் பக்கவாட்டில் காணப்படும் எரித்துப் பதித்த முத்திரை இதுவே. 2021 முதல் பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலும் இது பொருந்தும். மரப் பராமரிப்பாளர்களுக்கோ கட்டைக்குப் பஞ்சமில்லை. சிப்பரின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க, நேற்று வெட்டிய கிளையில் ஒரு துண்டைப் பட்டையோடு வைத்துக்கொள்வது இயல்பான பழக்கம். அந்தப் பட்டைக்கடியில் வண்டின் புழு இருக்கக்கூடும். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் பேடக் வுட் என்னும் ஊரில் 2012இல் ஆசிய நீளக்கொம்பு வண்டு வெளியில் உள்ள மரங்களில் பரவியிருப்பது கண்டறியப்பட்டு, அதை ஒழிக்க அப்பகுதியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டி எரிக்க நேர்ந்தது. இறக்குமதியான மரப் பெட்டிகளின் வழியே அது வந்ததாகக் கருதப்படுகிறது. முட்டுக்கொடுக்க ரப்பர் ஆப்பு போதும், நினைவுப் பொருளாக ஒரு வட்டத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

சுத்தம் செய்யும் வேலையை வேலை நடந்த இடத்திலேயே, கடைசி மரம் இறங்கிய உடனேயே செய்வது நல்லது. துறைமுகத்தில் அதற்கு இடமும் நேரமும் கிடையாது, களிம்பும் இறுகிவிடும். முதலில் பக்க மூடியைக் கழற்றித் தூரிகையால் தூளைச் சுரண்டியெடுத்து, பட்டையின் பள்ளத்தை மெல்லிய தகட்டால் வழித்து, அதன் பிறகே ஆல்கஹால் கலந்த கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். அழுக்கு நீங்காத பரப்பில் கிருமிநாசினி அதற்கடியில் உள்ளதைத் தொடுவதில்லை. கயிறுகளுக்கும் வார்களுக்கும் இந்த மருந்துகள் ஆகா. அவற்றை இலைச் சருகு உதிரும்வரை உதறி, தயாரிப்பாளர் சொல்லும் மென்மையான சோப்பைக் கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். வெளுக்கும் தூளில் ஊறவைத்த கயிற்றில் மறுபடி ஏறுவது உயிரோடு விளையாடுவதாகும். சிப்பரின் வாய்க்குள் சிக்கிய நார்களையும், காலணியின் பள்ளங்களில் ஒட்டிய மண்ணையும், வேனின் தரையில் சிதறிய சிப்புகளையும் கூட்டி அங்கேயே விட்டுவர வேண்டும். இப்படித் துடைத்த ரம்பத்தில் தொடர் எண்ணும் தெளிவாகத் தெரியும். கலேயில் வெளியேற்ற முத்திரைக்காக ஏட்டை நீட்டும்போது அதிகாரி முதலில் படிக்கக் கேட்பதும் அந்த எண்ணைத்தான்.